அடைப்பு யாருடையது?

மூன்று நாளாகப் பல்லக்கா ஓர் இடத்தில் உட்காரவில்லை. உட்கார்ந்தால் எழுந்துகொள்கிறாள், எழுந்தால் நடக்கிறாள், நடந்தால் லேப் வாசல் வரை போய் உள்ளே எட்டிப் பார்த்துவிட்டு, "ஐயோ" என்று வயிற்றில் கை வைத்துக்கொண்டு திரும்பி வருகிறாள். எட்டிப் பார்ப்பதால் அங்கே என்ன மாறிவிடப் போகிறது? ஒன்றும் இல்லை. ஆனாலும் பார்க்காமல் இருக்க முடியவில்லை.

பல்லக்கா என்பது தெரு வைத்த பெயர். பல் செட்டு செய்வது அவள் தொழில். பல் டாக்டர்கள் நோயாளியின் வாயில் அளவெடுத்து அனுப்புவார்கள். அந்த அளவில் பிளாஸ்டர் மாவைக் கரைத்து ஊற்றி, வாயின் அச்சை எடுத்து, அதன்மேல் பல்லைக் கட்டுவாள். வீட்டின் கீழ்த்தளத்து முன்னறைதான் லேப். இருபத்தாறு வருஷம் ஆகிறது. "இந்த ஊர்ல பாதிப்பேர் சிரிக்கிறதே என் பொண்டாட்டி புண்ணியத்துலதான்" என்று தபால் ஆபீஸ் கவுன்டரில் இருக்கும் அவள் வீட்டுக்காரர் வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருப்பார்.

மாடியில் இருப்பவள் அவள் தங்கை. சின்னவள். அப்பா போகும்போது கீழ்வீட்டைப் பெரியவளுக்கும் மாடியைச் சின்னவளுக்கும் எழுதிவைத்துவிட்டுப் போனார். சின்னவளைக் கட்டியவன் ஒருநாள் சொல்லாமல் கொள்ளாமல் கிளம்பிப் போனதும், "அழுதது போதும், எழுந்திரு, உனக்குத்தான் கையில தொழில் இருக்கே" என்று மாடி முன்னறையில் பியூட்டி பார்லர் வைக்கச் சொன்னதே பல்லக்காதான். இரண்டு நாற்காலி, ஒரு பெரிய கண்ணாடி, துண்டு துவைக்க ஒரு வாஷிங் மிஷின். அவ்வளவுதான் பார்லர். சின்னவளின் சோறும் மானமும் அந்த இரண்டு நாற்காலியில்தான் இருந்தன.

நடந்தது இதுதான். மூன்று நாளுக்கு முன் பல்லக்கா டாக்டர் ஒருவருக்குச் செட்டு கொடுக்கப் போயிருந்தாள். மத்தியானம் திரும்பி வந்து கதவைத் திறந்தால், லேப் சிங்கிலிருந்து சோப்பு நுரை பொங்கி வழிந்துகொண்டிருந்தது. தரையில் கணுக்கால் தண்ணீர். மாடித் தண்ணீரும் கீழ்த் தண்ணீரும் ஒரே பைப்பில் சேர்ந்துதான் தெருவுக்குப் போக வேண்டும். வழி அடைத்துக்கொண்டால் மாடித் தண்ணீருக்குக் கீழ் சிங்கைத் தவிர வேறு போக்கிடம் ஏது? பீங்கான் பல் சுடும் பர்னஸைக் கடன்பட்டு வாங்கி மூன்று வருஷம்தான் ஆகிறது. தாழ்வான ஸ்டாண்டில் இருந்ததால் அதன் அடிப்பக்கம் தண்ணீர் ஏறி, உள்ளே இருந்த எலெக்ட்ரானிக் போர்டு கருகிவிட்டது. கீழ்த்தட்டில் இருந்த நாற்பத்தொரு வாய் அச்சுகளும் ஊறி ஓரம் மழுங்கிப் போயின. மூன்று மூட்டை மாவு மூட்டைக்குள்ளேயே கல்லாகிவிட்டது.

அந்த நிமிஷம் அவள் உள்ளங்காலில் ஏறிய கோபம் உச்சந்தலைக்குப் போய்த்தான் நின்றது. ஈரக்காலோடு மாடிப்படி ஏறினாள். உள்ளே ஒரு பெண்ணுக்குத் தலை அலசிக்கொண்டிருந்தாள் சின்னவள். இன்னும் இரண்டு பேர் காத்திருந்தார்கள். யார் இருக்கிறார்கள் என்றெல்லாம் பல்லக்கா பார்க்கவில்லை.

"ஊர் முடியெல்லாம் பைப்புல தள்ளி என் பொழப்புல மண்ணைப் போட்டுட்டியேடீ! கண்ணு தெரியாதா உனக்கு? இதுக்குப் பேரு தொழிலா?"

"அக்கா, நான் வலை மூடி போட்டு வச்சிருக்கேன்க்கா. தினமும் முடியை எடுத்துக் குப்பையிலதான் போடுறேன். போன மாசமே தண்ணி மெதுவா எறங்குதுன்னு உன்கிட்ட சொன்னேனே..."

"அப்பவே முடியைப் பார்த்துப் போடுன்னு நானும் சொன்னேன்ல?"

காத்திருந்த இரண்டு பேரும் கைப்பையை எடுத்துக்கொண்டு நைஸாகக் கிளம்பிவிட்டார்கள். அதற்குப் பிறகு அக்காவும் தங்கையும் பேசிக்கொள்ளவில்லை.

மறுநாளே பல்லக்கா வக்கீலைப் பார்க்கப் போனாள். வக்கீலம்மா எதற்கும் பதறாத மனுஷி. எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, மூக்குக் கண்ணாடியைக் கழற்றி மேஜைமேல் வைத்தாள்.

"முடிதான் அடைச்சதுன்னு சொல்றீங்க. பார்த்தீங்களா?"

"இதைப் பார்க்க வேற செய்யணுமா மேடம்? மேல பார்லர். வேற என்ன இருக்கப் போகுது?"

"ஜட்ஜ் முன்னாடி அப்படிப் பேச முடியாது. பைப்பைத் திறக்கணும். ரெண்டு தரப்பும் நிக்கணும், என் குமாஸ்தாவும் வருவார், போட்டோ எடுத்து எழுதிக்குவார். சரி, உங்க சிங்க்ல என்னெல்லாம் போகும்? அந்தப் பக்கம் முதல்ல அதைத்தான் கேப்பாங்க."

பல்லக்காவுக்குச் சுருக்கென்றது. "என் சிங்க்லயா? ஒரு துளி மாவு போகாது மேடம். ரப்பர் கிண்ணத்துலதான் கலக்குவோம். மிச்சம் இருக்கிறதைக் கழுவ மாட்டேன், அப்படியே காயவிட்டு, கிண்ணத்தை அமுக்கினா பொலபொலன்னு உதிரும், குப்பையில போட்டுடுவேன். கிண்ணத்தைக்கூட வாளித் தண்ணியிலதான் அலசுவேன். மாவு பைப்புக்குள்ள போனா என்ன ஆகும்னு எனக்குத் தெரியாதா? இருபத்தாறு வருஷம்!"

"நல்லது. நோட்டீஸ் எழுதித் தரேன். கையெழுத்துப் போடுறது உங்க இஷ்டம். ஆனா ஒண்ணு, எதிர்த்தரப்பு சொந்தத் தங்கச்சி. நோட்டீஸ் ஒருதடவை கையை விட்டுப் போச்சுன்னா, அப்புறம் கேஸ் வாபஸ் ஆனாலும் மனசு வாபஸ் ஆகாது. நல்லா யோசிச்சுக்கோங்க."

யோசிப்பதா! அந்த நோட்டீஸ் கைப்பையில் வந்து உட்கார்ந்ததிலிருந்து அவளுக்கு வேறு வேலையே இல்லை. கேஸ் போட்டால் பார்லர் போய்விடும். பார்லர் போனால் சின்னவள் மாடியை விற்றுவிட்டு எங்கேயாவது போய்விடுவாள். இருப்பது ஒரே தங்கை. கேஸ் போடாவிட்டால்? பர்னஸை யார் வாங்கித் தருவார்கள்? ஒரு டாக்டர் அதற்குள் போன் செய்து, "கொஞ்ச நாளைக்கு வேற லேப்ல கொடுத்துக்கிறேன், தப்பா நினைக்காதீங்க" என்று சொல்லியாயிற்று. கொஞ்ச நாள் என்றால் எவ்வளவு நாள் என்று அவளுக்கா தெரியாது? போன டாக்டர் எவர் திரும்பி வந்திருக்கிறார்? இந்தப் பக்கம் போனால் தங்கை இல்லை, அந்தப் பக்கம் போனால் தொழில் இல்லை. காலில் வெந்நீரைக் கொட்டிக்கொண்டவள் மாதிரி சமையலறைக்கும் வாசலுக்குமாக அலைந்தாள்.

"கொஞ்சம் உட்காரேன்டீ. உன்னைப் பார்த்துப் பார்த்து எனக்குக் கழுத்து வலிக்குது" என்றார் வீட்டுக்காரர்.

"உட்கார்ந்தா பர்னஸ் சரியாயிடுமா?"

"இல்ல, ஒண்ணு கேக்கறேன். கேஸ் போட்ட பிறகும் மாடிப்படி பொதுப்படிதானே? எதிர்ல வந்தா என்ன பண்ணுவே? வணக்கம் வைப்பியா, இல்ல வாய்தா எப்போன்னு விசாரிப்பியா?"

"உங்களுக்கு எல்லாமே விளையாட்டு."

"விளையாட்டு இல்லடீ. அந்தப் பொண்ணு மூணு நாளா வாஷிங் மிஷின் போடல. துணியையெல்லாம் வாளியில எடுத்துக்கிட்டு மொட்டை மாடித் தொட்டியில போய் அலசுது. நான் பார்த்தேன்."

பல்லக்கா லேப்புக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். அவசரமாகக் கொடுக்க வேண்டிய செட்டு ஒன்று பாக்கி இருந்தது. மேல்தட்டில் தப்பித்த மாவை எடுத்து, கிண்ணம் அலசிய வாளியிலிருந்து ஒரு கரண்டித் தண்ணீர் மொண்டு விட்டுக் கலக்கினாள். அந்த வாளியில் மாவு அடியில் தங்கி, மேலே பால் போலத் தண்ணீர் நிற்கும். பால்தண்ணி என்பார்கள். அதில் கொஞ்சம் விட்டுக் கலக்கினால் அரைமணி நேரத்தில் இறுக வேண்டியது பத்து நிமிஷத்தில் இறுகும். தொழில்காரர்களுக்கு மட்டும் தெரிந்த குறுக்குவழி. அச்சு ஊற்றி முடித்ததும், தினமும் செய்வதுபோல மிச்சத் தண்ணீரைச் சாய்க்க வாளியோடு சிங்கை நோக்கி நடந்தவள், அடைப்பு ஞாபகம் வந்து நின்றாள். தங்கையை ஒருமுறை வாய்விட்டுத் திட்டினாள். வாளியைச் சுமந்துகொண்டு போய் வாசல் மண்ணில் கொட்டிவிட்டு வந்தாள்.

மறுநாள் பைப்பைத் திறக்கிற நாள். வீட்டுக்குப் பின்னால் சுவரோரமாகப் பைப் போகும் இடத்தில் காலையிலேயே எல்லோரும் கூடிவிட்டார்கள். பிளம்பர் அறுக்கும் மிஷினோடு குந்தியிருந்தார். வக்கீல் குமாஸ்தா ஒரு கையில் நோட்டும் ஒரு கையில் போனுமாக நின்றார். வீட்டுக்காரர் லீவு போட்டிருந்தார். கடைசியாகச் சின்னவள் இறங்கி வந்தாள். பார்லரில் கட்டும் கறுப்பு ஏப்ரனை அவிழ்க்காமலே வந்திருந்தாள். கண்ணுக்குக் கீழே வளையம் விழுந்திருந்தது. யார் முகத்தையும் பார்க்காமல் சுவரில் சாய்ந்துகொண்டாள்.

பைப் அறுந்ததும் தேங்கிய தண்ணீர் குபுகுபுவென்று வெளியேறியது. பிளம்பர் உள்ளே கம்பியை விட்டுச் சுழற்றி இழுத்தார். ஒரு கைப்பிடி முடி வந்தது. கறுகறுவென்று, சொட்டச் சொட்ட.

"பார்த்தியா!" என்று கத்தினாள் பல்லக்கா. "பார்த்துக்கோங்க சார், எழுதிக்கோங்க!"

குமாஸ்தா நாலு பக்கத்திலிருந்தும் போட்டோ எடுத்தார்.

சின்னவள் அந்த முடியைப் பார்த்தாள். பேயறைந்த முகம். வாதாடுவாள் என்று எதிர்பார்த்துப் பல்லக்கா பதிலையெல்லாம் தயாராக வைத்திருந்தாள். சின்னவள் வாதாடவில்லை.

"என் தப்புதான்க்கா" என்றாள். "கேஸெல்லாம் வேண்டாம். நாற்காலி, கண்ணாடி, மிஷின் எல்லாத்தையும் வித்துடறேன். பத்தலைன்னா வேற எங்கயாவது வேலைக்குப் போய்க் கட்டிடறேன். உன் பர்னஸ் என்ன விலையோ அதைக் கொடுத்துடறேன்."

ஜெயித்தாயிற்று. கோர்ட் இல்லை, வாய்தா இல்லை, நின்ற இடத்திலேயே ஜெயித்தாயிற்று. ஆனால் பல்லக்காவுக்கு இவ்வளவு சுலபமாக இவள் ஒத்துக்கொண்டிருக்க வேண்டாமே என்று எரிச்சலாக வந்தது.

"இருங்கம்மா, இன்னும் முடியல" என்றார் பிளம்பர். "முடி சும்மா முன்னாடி சிக்கியிருக்கு. உள்ள என்னமோ கல்லு மாதிரி இருக்கு." பைப்பைச் சுற்றிச் சுத்தியலால் தட்டினார். தட்டத் தட்ட உள்ளேயிருந்து முழங்கை நீளத்துக்கு ஒரு வெள்ளைக் கட்டி நழுவி வந்து தரையில் விழுந்து இரண்டாக உடைந்தது. நடுவில் பென்சில் நுழையும் அளவுக்கு ஒரு துவாரம். இத்தனை நாளும் இரண்டு வீட்டுத் தண்ணீரும் அந்தத் துவாரத்து வழியாகத்தான் போயிருக்கிறது. கடைசியில் அந்த முடி அதன் வாயில் சிக்கியதும் அதுவும் மூடிக்கொண்டது.

"உப்பும்மா. பழைய பைப்புல தண்ணி உப்பு இப்படித்தான் படியும்" என்றார் பிளம்பர்.

"உப்பையும் எழுதணுமா? முடின்னு மட்டும் எழுதினா நமக்கு ஸ்ட்ராங்கா இருக்கும்" என்று குமாஸ்தா பல்லக்காவின் பக்கம் குனிந்து மெல்லக் கேட்டார்.

பல்லக்கா குனிந்து ஒரு துண்டை எடுத்தாள். உடைந்த இடத்தில் வெங்காயம் மாதிரி வட்டம் வட்டமாக ஏடுகள். வெளி ஏடு வெள்ளை. அது அவள் தொழில் தொடங்கிய காலத்து மாவு. அதற்குள்ளே மஞ்சள். கடினமான செட்டுகளுக்கு அப்புறமாக வாங்க ஆரம்பித்தது. துவாரத்தை ஒட்டி, உள்ளுக்குள்ளே, இளஞ்சிவப்பு. பர்னஸ் வந்த பிறகு பீங்கான் வேலைக்கென்றே வாங்கியது. இந்த ஊரில் அந்த நிறத்து மாவு வாங்குகிறவள் அவள் ஒருத்திதான். நகத்தால் கீறிப் பார்த்தாள். சந்தேகமே இல்லை. கண்ணைக் கட்டிவிட்டாலும் அவளுக்குத் தெரியும்.

பால்தண்ணி! கட்டியையெல்லாம் கண்ணும் கருத்துமாகக் குப்பையில் போட்டவள், மேலே நிற்பது வெறும் தண்ணீர்தானே என்று தினமும் சாயங்காலம் ஒரு வாளி சிங்கில் சாய்த்திருக்கிறாள். கண்ணுக்குத் தெரியாத மாவுத்தூள் பைப்பின் வளைவில் தங்கியிருக்கிறது. தங்கியதை அடுத்த நாள் வாளி சீக்கிரம் இறுக வைத்திருக்கிறது. எது மாவைப் பத்து நிமிஷத்தில் கல்லாக்கும் என்று ஊருக்கே பாடம் எடுக்கத் தெரிந்தவள், அதையே எடுத்துத் தன் பைப்பில் ஊற்றியிருக்கிறாள். மடச்சி! வேறு எவளும் இதைச் செய்திருக்க முடியாது. பல் செட்டு செய்கிறவள்தான் செய்ய முடியும்.

நாலு நாளில் முதல்முறையாக அவள் கால் நகரவில்லை.

உண்மையைச் சொல்வதென்றால், அவளுக்கு வாயை மூடிக்கொண்டிருக்கத்தான் ஆசை. பிளம்பரே உப்பு என்று சொல்லிவிட்டார். குமாஸ்தா முடி என்று எழுதக் காத்திருக்கிறார். தங்கையே தப்பை ஒத்துக்கொண்டுவிட்டாள். இவள் ஒன்றுமே செய்ய வேண்டாம், பேசாமல் நின்றால் போதும், பர்னஸ் வந்துவிடும், டாக்டர்கள் திரும்பிவிடுவார்கள். அந்தத் துண்டைப் புதரில் வீசிவிடலாமா என்றுகூடக் கை பரபரத்தது. அவளை நல்லவள் என்று நினைத்துக்கொண்டிருப்பவர்கள் இதையும் தெரிந்துகொள்ள வேண்டும்.

அப்போது சின்னவள் சுவரை விட்டு நகர்ந்து வந்து, தரையில் கிடந்த அந்த நாற்றம் பிடித்த முடியை வெறுங்கையால் அள்ளிப் பழைய பேப்பரில் சுற்ற ஆரம்பித்தாள். "நீ உள்ள போக்கா. கால்ல சேறு ஆவுது பாரு. நான் கழுவி விட்டுடறேன்."

பல்லக்காவால் அதற்குமேல் தாங்க முடியவில்லை.

"உப்பு இல்ல" என்றாள். குரல் அவளுக்கே கேட்கவில்லை. மறுபடி சொன்னாள். "இது உப்பு இல்ல. என் மாவு. நான்தான் அடைச்சிருக்கேன்."

குமாஸ்தாவின் பேனா நின்றுவிட்டது. "அம்மா, நீங்க எங்க கட்சிக்காரங்க. நீங்களே இப்படிச் சொல்லக்கூடாது."

"எழுதுங்க. நான் சொல்றதை எழுதுங்க." ஒவ்வொரு ஏடாகக் காட்டிச் சொன்னாள். எந்த நிறம் எந்த வருஷம், வாளி, பால்தண்ணி, ஒன்றையும் விடவில்லை. வீட்டுக்காரர் தலையில் கை வைத்துக்கொண்டு படியில் உட்கார்ந்துவிட்டார். பிளம்பர் அக்காவையும் தங்கையையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, "அப்போ என் கூலியை யார்கிட்ட கேக்கறது?" என்றார்.

சின்னவள் கையைக் குழாயில் கழுவி, ஏப்ரனில் துடைத்துக்கொண்டு, அக்காவின் கையிலிருந்த துண்டை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். அழுவாள், அல்லது திட்டுவாள், அதன் பிறகு எல்லாம் சரியாகிவிடும் என்று பல்லக்கா நினைத்தாள். அப்படித்தான் சின்ன வயதிலிருந்து நடந்து வந்திருக்கிறது.

"நாற்காலியை நேத்தே பேசி முடிச்சிட்டேன்க்கா" என்றாள் சின்னவள். "அட்வான்ஸும் வாங்கியாச்சு. சாயங்காலம் வண்டி வருது."

"ஐயோ! ஏன்டீ? பைப்பைத் திறக்கவே இல்லையே அப்போ!"

"நீ சொன்னியே. நீ சொன்னா சரியாத்தான் இருக்கும்னு நினைச்சேன். வலை மூடியை என் கையால கழுவி, ஒரு முடி போகாம பார்த்துப் பார்த்து எடுத்தவ நான். அப்படியும் உன்னைத்தான் நம்பினேன். என்னை நம்பல." அவள் குரல் ஏறவே இல்லை. "அன்னிக்கு நீ கத்திட்டுப் போனதுலேருந்து ஒரு கஸ்டமர் படியேறல. இதுக்குப் பேரு தொழிலான்னு கேட்டியே, அதை அங்க காத்திருந்தவங்க தெருவெல்லாம் சொல்லியாச்சு."

பிறகு குமாஸ்தாவிடம் திரும்பினாள். "சார், நஷ்டம் பண்ணினவங்க ஈடு கொடுக்கணும்னுதானே சட்டம்? உங்க மேடம் நம்பர் கொடுங்க."

"எங்க மேடம் ரெண்டு பக்கமும் நிக்க முடியாதும்மா. நீங்க வேற வக்கீல் பார்க்கணும்."

"இதென்ன பேச்சு, வீட்டு விஷயத்தை வீட்டுக்குள்ள..." என்று வீட்டுக்காரர் எழுந்தார்.

"மாமா, நீங்க சும்மா இருங்க. இந்த வார்த்தையை நாலு நாளைக்கு முன்னாடி சொல்லியிருக்கணும்."

வீட்டுக்காரர் மறுபடி உட்கார்ந்துவிட்டார். சின்னவள் சொல்வது விளையாட்டுக்கா, நிஜத்துக்கா என்று பல்லக்கா அவள் கண்ணைப் பார்த்தாள். விளையாட்டு இல்லை. கேஸ் போடுவாளோ மாட்டாளோ, இனி அலையப் போவது அவள். எந்த வக்கீல், எப்போது, போடலாமா வேண்டாமா என்று படி ஏறி இறங்கப் போவது அவள். அதைத் தடுக்கத் தனக்கு ஒரு வார்த்தைகூட இல்லை என்பது பல்லக்காவுக்கு நன்றாகத் தெரிந்தது.

சின்னவள் குனிந்து தரையில் கிடந்த மற்ற துண்டையும் எடுத்துக்கொண்டாள். இரண்டையும் நெஞ்சோடு அணைத்தபடி மாடிப்படியை நோக்கி நடந்தாள். நாலு படி ஏறியிருப்பாள்.

"ஏய்" என்று கூப்பிட்டாள் பல்லக்கா.

சின்னவள் நின்றாள். திரும்பவில்லை.

"அதை அப்படியே ஈரத்தோட மூடி வைக்காதே. துணி விரிச்சு நிழல்ல காயப்போடு. இல்லேன்னா உள் ஏடு, அந்தச் சிவப்பு, உதிர்ந்துடும்." பல்லக்காவுக்கு மூச்சு வாங்கியது. "அதுதான்டீ என்னைக் காட்டிக் கொடுக்கிறது. பத்திரமா வச்சுக்கோ."